ஏழாவது பற்று

கூடுதாழை வலைக்கூடத்து முகட்டில்
பன்னிரண்டு விளக்குகளை
மும்மூன்றாய் நான்கு வரிசை கோத்து
கேமராவுக்கு வாங்கிய பழைய பவர் சப்ளையில்
முறுக்கிவிட்டிருந்தான் தொம்மை.
பன்னிரண்டு வோல்ட்.
நடுவில் பேருக்கு ஒரு ரெசிஸ்டர் இல்லை.
"மொத ராத்திரி பாத்திருக்கணும்க்கா,
செதிலு எண்ணலாம், அப்பிடி வெளிச்சம்."
மொத ராத்திரி எல்லாம் அப்படித்தான்.
நான் போனபோது
இரண்டின் மஞ்சள் கண் கருகி
அவை நின்ற வரிசைகளும் அவிந்து
மிச்ச ஆறின் கீழே
நாலு பேர் தலை முட்ட வலை பொத்திக்கொண்டிருந்தார்கள்.

கடைப் பலகையில் கிருபா எலக்ட்ரிகல்ஸ்.
கிருபா யாரென்று எனக்கும் தெரியாது,
பலகையோடு சேர்த்துத்தான் வாடகைக்கு எடுத்தேன்.
திசையன்விளைக்குத் தெற்கே என் பெயர் கரண்டுக்காரி.

"ஒரே டப்பா, ஒரே கம்பெனி.
ஒண்ணு மட்டும் ஏன் சாவுது?"
மீட்டரை வைத்துக் காட்டினேன்.
இது மூன்று புள்ளி ஒன்றில் கண் விழிக்கிறது,
பக்கத்தது மூன்று புள்ளி மூன்று கேட்கிறது.
இளகினது அதிகம் குடிக்கும்.
குடித்தால் சூடு.
சூடேற ஏற அதன் தேவை குறையும்,
தேவை குறையக் குறையப் பாய்வது கூடும்.
தொம்மை சிரித்தான்:
"எங்க சின்ன மாமா கதையால்லா இருக்கு."
யார் கதையும் இல்லை, டையோடு, என்றேன்.

மிஞ்சியவை பத்து.
பத்தையும் ஒற்றைச் சரமாய்க் கோத்தேன்,
ஒன்றின் வால் அடுத்ததின் வாயில்.
கூட்டினால் முப்பத்திரண்டு வோல்ட் சொச்சம்.
பெட்டியும் வேறு:
வோல்ட் எப்படியும் போகட்டும்,
அறுநூறு மில்லி ஆம்பியரை மட்டும்
கூடவும் விடாது, குறையவும் விடாது.
முதல் விளக்கில் நுழைந்ததுதான்
பத்தாவதிலும் நுழையும்.
முதுகுக்கு ஒரு பழைய ஜன்னலின் அலுமினியச் சட்டம்,
ஒவ்வொன்றின் அடியிலும்
அரிசியளவு வெள்ளைப் பசை.

வலையூசியைப் பல்லில் கவ்வியபடி கித்தேரி கேட்டாள்:
"ஒண்ணு போனா பத்தும் போவுமே?"
வலைக்காரியிடம் எதை மறைக்க?
அவள் மடியில் கிடப்பதில்
ஒரு கண் அறுந்தால் மற்றக் கண்கள் நிற்கும்.
போகும், என்றேன்.
அன்னைக்குக் கூப்பிடுங்க.

நாலாம் மாதம், கச்சான் காற்று
மணலை வாரிக் கதவில் அடித்த ஒரு சாயங்காலம்
கூப்பிட்டார்கள்.
இருட்டு. ஸ்டூல். போன் வெளிச்சம்.
சாணளவு கம்பியின் இரு முனையைச் சீவி
முதல் விளக்கின் இரு காலிலும் வைத்தேன். இல்லை.
இரண்டு, இல்லை.
மூன்று, நான்கு.
ஆறில் கொஞ்சம் பயம் வந்தது.
ஏழாவதின் இரு காலையும் கம்பி தொட்டதும்
அதைத் தவிர ஒன்பதும் எரிந்தன.

விளக்கு சாகவில்லை.
என் பற்றுதான் விட்டிருந்தது.
ஈயத்தில் மயிரிழை வட்டமாய் ஒரு விரிசல்.
ஆறும் முன்பே கை அசைந்த பற்று அப்படித்தான் வெடிக்கும்.
ஞாபகம் வந்தது:
ஏழாவதைப் பற்றவைக்கையில்
சின்ன மாமா கதையின் மிச்சத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்,
நான் சிரித்திருக்கிறேன்.
உப்பு அதைக் கண்டுபிடித்துவிட்டது.

"உப்புக்காத்துக்கா" என்றான் தொம்மை, எனக்காக.
ஆமாம் என்றிருந்தால் கூலி உண்டு.
இல்ல, என் கை, என்றேன்.
அணைங்க, அஞ்சு நிமிஷத்துல வச்சிருதேன்.

கித்தேரி நிமிரவில்லை.
அவளும் மற்ற மூவரும்
வெளிச்சம் விழுந்த நொடியிலேயே
கிழிசலுக்குள் குனிந்துவிட்டிருந்தார்கள்.
"இப்ப அணைக்காத.
விடிய ரெண்டுக்கு வள்ளம் எறங்கணும்.
இந்த ஓட்டை மட்டும் முடியட்டும்."

ஓட்டை ஓர் ஆள் நுழையும் அளவு.

ஸ்டூல்மேல் நின்றபடி
கம்பியை ஏழாவதின் இரு காலிலும்
அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.
கொஞ்சம் விரல் நழுவினால்
கீழே நாலு ஊசியும் நின்று
நாலு முகமும் என்னைப் பார்க்கின்றன.
உவரி ரோட்டில் கடைசி பஸ்
ஆரன் அடித்துத் திரும்புகிறது.